பேட்டரியை நானே மாட்டியதும் ஆள் வந்து மாட்டியதும்: ஆறு பேட்டரிகளின் கணக்கு

2012இல் வாங்கிய என் மைவி காருக்கு இதுவரை ஆறு பேட்டரிகள் மாற்றியாகிவிட்டது. நான்கை நானே மாட்டினேன். ஒன்றைப் பட்டணத்துப் பட்டறையில் மாட்டினார்கள். கடைசி ஒன்றை, தொலைபேசியில் அழைத்தால் வீடு தேடி வரும் பேட்டரிச் சேவைக்காரர் வந்து மாட்டினார். தோட்டத்து ஆபீசில் 31 ஆண்டுகள் கிராணியாக இருந்து கணக்கெழுதிய பழக்கம் ஓய்வுக்குப் பிறகும் போகாததால், எந்தத் தேதியில் எந்த அளவு பேட்டரி வாங்கினேன், என்ன விலை கொடுத்தேன், அது எத்தனை மாதம் உழைத்தது என்பதையெல்லாம் ஒரு நீல அட்டை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். "நாமே மாட்டிக்கொள்ளலாமா, ஆளைக் கூப்பிட வேண்டுமா?" என்று எங்கள் தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்) அடிக்கடி கேட்கிறார்கள், அந்த நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் போகும் சாலையை ஒட்டிய ஒரு சிறிய தாமான். சுற்றிலும் முன்பு பால்மரம் நின்ற நிலத்தில் இப்போது பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. இங்கே கார் பேட்டரிக்கு இரண்டு பகைவர்கள் உண்டு. முதலாவது வெப்பம். குளிர் நாட்டவர்கள் குளிர்காலத்தில்தான் பேட்டரி படுத்துவிடுகிறது என்பார்கள். அங்கே குளிர் அதன் பலவீனத்தை வெளிப்படுத்துகிறது, அவ்வளவுதான். உண்மையில் பேட்டரியை உள்ளிருந்து தின்பது வெப்பம். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் உள்ளே நடக்கும் இரசாயன மாற்றத்தின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். அத்துடன் ஈயத் தகடுகளின் அரிப்பும் விரைவுபடும். குளிர் நாடுகளில் ஐந்தாறு ஆண்டு உழைக்கும் பேட்டரி இங்கே இரண்டு ஆண்டைத் தாண்டினாலே நாம் மகிழ்ந்துகொள்ள வேண்டியிருப்பது அதனால்தான். இரண்டாவது பகைவன் குறுகிய ஓட்டம். காலையில் பேரப்பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் விடுவது, மாலையில் கோயில், இடையில் சாமான் வாங்கப் பட்டணம் என்று ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேல் போகாத காரில், ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போது செலவாகும் மின்சாரம் முழுதாகத் திரும்பி ஏறுவதற்குள் இயந்திரம் அணைக்கப்பட்டுவிடுகிறது. 2020 மார்ச் 18இல் கோவிட் பரவலால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, கார்கள் வாரக்கணக்கில் வாசலிலேயே கிடந்தபோது எங்கள் வரிசையில் படுத்துப்போன பேட்டரிகள் பல. நான் கறுப்புக் கம்பியைக் கழற்றி வைத்திருந்ததால் என்னுடையது தப்பித்தது.

முதன்முதலில் நானே மாட்டியது 2017ஆம் ஆண்டு, சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள். எங்கள் பட்டணத்தில் அந்த வாரம் எப்படி இருக்கும் என்பது இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்: பட்டறைகள் எல்லாம் இழுத்துச் சாத்தப்பட்டிருக்கும், மெக்கானிக் குடும்பத்தோடு எங்கோ விருந்தில் இருப்பார். காரோ, சாவியைத் திருப்பினால் 'டக், டக்' என்ற ஓசையோடு நின்றுவிட்டது. திறந்திருந்த ஒரே உதிரிப்பாகக் கடையில் என்.எஸ். 40 இசட்.எல். அளவு பேட்டரி ஒன்றை வாங்கி, பக்கத்து வீட்டுத் தம்பியின் மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஏறத்தாழ பத்துக் கிலோ எடையை மேடுபள்ளத்தில் மடியில் வைத்துக்கொண்டு வருவது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பதை மறுநாள் இடுப்பு சொல்லிக் கொடுத்தது.

மாட்டும் வேலை என்னவோ பத்து நிமிடம்தான். 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்று போதும். முதலில் கறுப்புக் கம்பியை, அதாவது எதிர்முனையை (மைனஸ்) கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைத்தான் கடைசியில் மாட்ட வேண்டும். இந்த ஒழுங்கு வெறும் சம்பிரதாயமன்று. காரின் உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்திருப்பதால், அதைக் கழற்றாமல் சிவப்பு முனையின் நட்டைத் திருகும்போது ஸ்பேனரின் மறுமுனை காரின் இரும்பில் பட்டுவிட்டால், பேட்டரியின் முழு மின்னோட்டமும் அந்த ஸ்பேனர் வழியாகப் பாய்ந்து, அது பழுக்கக் காய்ந்துவிடும். கையில் மோதிரம் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். எதிர்முனை கழன்றிருந்தால் ஸ்பேனர் காரின் இரும்பில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. அன்று என் காரின் முனைகளில் வெளிர் நீலமும் வெள்ளையும் கலந்த பூஞ்சை போன்ற படிவு, கோயில் விளக்கில் வழிந்து உறைந்த எண்ணெய் போலத் திரண்டு நின்றது. சமையல் சோடாவைக் கரைத்த நீரை அதன்மீது ஊற்றியபோது நுரைத்து, 'சுர்' என்று அடங்கியது. பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்து, காய்ந்த பிறகு முனைகளில் வாசலின் தடவி மாட்டினேன். வானொலியின் கடிகாரம் 12:00 என்று மின்னியது. இயந்திரம் முதல் சில நிமிடம் சற்றுத் தடுமாறி ஓடி, பிறகு தன் வேகத்தைக் கண்டுகொண்டது. அதைத் தவிர எந்தக் குறையும் இல்லை. அந்தப் பேட்டரி 30 மாதம் உழைத்தது.

பேட்டரி வாங்கும்போது அளவைக் கவனிக்க வேண்டும். இங்கே கடைகளில் என்.எஸ். 40, என்.எஸ். 60 என்ற பழைய பெயர்களே வழக்கில் உள்ளன. பேட்டரியின்மேல் பல நேரம் ஜப்பானியத் தரக் குறியீடு அச்சாகியிருக்கும். 46 பி 24 எல் என்றிருந்தால், 46 என்பது திறன் வரிசை, பி என்பது அகல உயரத்தின் வகை, 24 என்பது ஏறத்தாழ சென்டிமீட்டரில் நீளம், எல் என்பது முனைகள் எந்தப் பக்கம் அமைந்துள்ளன என்பதன் அடையாளம். பக்கம் மாறிய பேட்டரியை வாங்கிவந்துவிட்டால் கம்பி எட்டாது. எட்டவைக்க இழுப்பது ஆபத்து. கடைசியில் எஸ் என்ற எழுத்தும் இருந்தால் முனைகள் தடித்தவை என்று பொருள். மெல்லிய முனைக்கான கவ்வி அதில் இறங்காது. என் நண்பர் ஒருவர் சுத்தியலால் தட்டி இறக்கப் பார்த்தார். பேட்டரியின் மேல்மூடியே விரிசல் விட்டது.

2019 ஜூலையிலும் நானே மாட்டினேன், அதுவும் நன்றாகவே உழைத்தது. இரண்டு முறை தொடர்ந்து வெற்றி பெற்றதும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2021 செப்டம்பரில் கார் மீண்டும் படுத்தபோது, வேறு எதையும் சோதிக்காமல், "இரண்டு வருசம் ஆச்சு, பேட்டரிதான்" என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு 175 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) புதியது வாங்கி மாட்டினேன். ஐந்தே வாரத்தில் அதுவும் செத்தது. கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்ற முடிவுக்கு உடனே வந்தேன். அந்தச் சந்தேகம் முழுவதும் ஆதாரமற்றது அன்று. அந்தப் பேட்டரியின்மேல் படிந்திருந்த தூசியைப் பார்த்தால் நெடுநாள் அலமாரியில் இருந்ததாகத்தான் தோன்றியது. சும்மா வைத்திருக்கும் பேட்டரியும் மெல்ல மெல்லத் தன் மின்சாரத்தை இழக்கும். நெடுநாள் இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளின்மேல் ஈய சல்பேட் இறுகிப் படிந்து, பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுப் பலம் திரும்பாது. ஆனாலும் கோபத்தில் உத்தரவாத அட்டையைக்கூட எடுக்காமல் வேறொரு கடைக்குப் போய், 185 வெள்ளிக்கு இன்னொன்றை வாங்கி, ஐந்து வாரமே ஆன பேட்டரியைப் பழையது என்று கொடுத்து 20 வெள்ளி கழித்துக்கொண்டேன். கிராணி வேலை பார்த்தவன் செய்த கணக்கு இது.

மூன்று வாரம் கழித்து, மழை இரவு ஒன்றில் முன்விளக்கு மங்கத் தொடங்கியது. அப்போதுதான் வீடு தேடி வரும் சேவையை முதன்முறையாக அழைத்தேன். வந்தவர் முப்பது வயதுக்கு உட்பட்ட ஒரு தம்பி. பேட்டரியைப் பார்ப்பதற்கு முன்பே, இயந்திரம் ஓடும்போது இரு முனைகளிலும் தன் கருவியைக் கவ்வவைத்தார். திரையில் 12.1 என்று காட்டியது. "அங்கிள், பேட்டரி சாகல. டைனமோதான் ஏத்த மாட்டேங்குது" என்றார். அவர் சொன்ன டைனமோ, இயந்திரம் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரிக்கு ஏற்றும் ஆல்டர்னேட்டர்தான். எங்கள் பக்கத்தில் இன்னும் பழைய பெயர்தான். இயந்திரம் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டிய இடத்தில் 12.1 இருந்தால், பேட்டரி எதையும் பெற்றுக்கொள்ளாமல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது என்று பொருள். அன்று அவர் என்னிடம் பேட்டரி எதையும் விற்கவில்லை. வந்து பார்த்ததற்கு 30 வெள்ளி மட்டும் வாங்கிக்கொண்டார். மறுநாள் பட்டறையில் ஆல்டர்னேட்டரைப் பழுதுபார்த்தேன். இரண்டாவதாக வாங்கிய பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி மீட்க முடிந்தது. அது 2024 பிப்ரவரி வரை ஓடியது.

இவ்வளவு விரிவாக இதைச் சொல்வதற்குக் காரணம், இந்த ஒப்பீட்டில் உண்மையில் எடைபோட வேண்டியது இதைத்தான் என்று நான் கருதுவதுதான். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் பேட்டரியை மாட்டலாம். அந்தப் பத்து நிமிட வேலைக்காக நாம் தொழில்காரருக்குப் பணம் கொடுப்பதில்லை. குற்றவாளி பேட்டரிதானா என்று கண்டுபிடித்துச் சொல்வதற்கே கொடுக்கிறோம். அவர் அதைச் செய்யாமல் வந்தவுடன் பழையதைக் கழற்றத் தொடங்கினால், நாமே செய்வதற்கும் அவர் செய்வதற்கும் வேறுபாடு ஒன்றுமில்லை, செலவைத் தவிர.

நானே சோதிப்பது என்றால், 30, 40 வெள்ளிக்குக் கிடைக்கும் மின்னளவி ஒன்று பாதி வேலையைச் செய்துவிடும். இரவு முழுவதும் ஓய்ந்திருந்த காரில், காலையில் கதவைத் திறப்பதற்கு முன் அளந்தால், நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். 12.2 என்றால் ஏறத்தாழ பாதி இறங்கிவிட்டது. 12க்குக் கீழே போனால் அன்று வெளியூர்ப் பயணத்தை நம்பிப் புறப்படக்கூடாது. ஸ்டார்ட் செய்யும் நொடியில் வோல்ட் கீழே இறங்குவது இயல்பு, 9.6க்கும் கீழே விழுந்தால் பேட்டரி மூச்சுவாங்குகிறது என்று கொள்ளலாம். மீதிப் பாதி வேலைக்குத் தொழில்காரரின் கருவிதான் வேண்டும். வோல்ட் சரியாக இருந்தும் திறன் போய்விட்ட பேட்டரிகள் உண்டு. 2024இல் அதே தம்பி வந்தபோது என் பேட்டரி 12.5 வோல்ட் காட்டியது. நானாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். அவருடைய கருவியோ, 310 சி.சி.ஏ. (குளிரிலும் இயந்திரத்தைச் சுழற்றத் தரக்கூடிய மின்னோட்ட அளவு) என்று அச்சிட்டிருந்த பேட்டரியில் 142தான் மிச்சம் என்றது. கழிவறை விளக்கை எரிக்க அது போதும். இயந்திரத்தைச் சுழற்றப் போதாது.

அந்த 2024 சேவையைப் பற்றி நேர்மையாக எழுத வேண்டும். விடிகாலை 5:20க்கு அழைத்தேன். 6:05க்கு வேன் வாசலில் நின்றது. தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, ஆள் வரும் நேரத்துக்கு ஒரு பட்டணத்துச் சேவை வந்து நிற்கும் என்று என் தகப்பனார் காலத்தில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். முதலில் ஆல்டர்னேட்டரைச் சோதித்தார். பழையதைக் கழற்றுவதற்கு முன், சிறிய துணை மின்கலம் ஒன்றை இணைத்து வானொலி, கடிகாரம் ஆகியவற்றின் நினைவு அழியாமல் பார்த்துக்கொண்டார். வந்து மாட்டும் கூலி உட்பட 215 வெள்ளி, பழைய பேட்டரியை அவரே எடுத்துக்கொண்டார், 12 மாத உத்தரவாதம். இவை நிறைகள்.

குறைகளும் இருந்தன. முனைகளில் படிந்திருந்த உப்பைச் சுத்தம் செய்யாமலேயே புதியதை மாட்டப் போனார். நான் சொன்ன பிறகுதான் கம்பித் தூரிகையை எடுத்தார். சோதனை முடிவின் அச்சுச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. வேனில் இரண்டே நிறுவனங்களின் பேட்டரிகள்தான் இருந்தன. எது வேண்டும் என்று நாம் தேர்வு செய்யும் பேச்சுக்கே இடமில்லை. பேட்டரியை அதன் தட்டோடு இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கம்பியின் நட்டை அவர் பாதிதான் முடுக்கியிருந்தார் என்பது, தோட்டத்துச் செம்மண் சாலையில் 'கட கட' என்ற ஓசையைக் கேட்ட பிறகே எனக்குத் தெரிந்தது. இதைச் சின்ன விஷயமென்று விட்டுவிட முடியாது. அதிர்வில் பேட்டரி ஆடினால் உள்ளே இருக்கும் தகடுகளின் பசை உதிர்ந்து அடியில் தேங்கும். அதன் ஆயுள் அங்கேயே குறைகிறது. நானே மாட்டிய நான்கு முறையும் அந்த நட்டை மறந்ததில்லை. தன் பொருளைத் தானே மாட்டுகிறவனுக்கு இருக்கும் அக்கறை அது. அடுத்த அழைப்பு காத்திருக்கும் ஆளிடம் அதை எதிர்பார்ப்பது சற்று அதிகம்தான்.

எல்லாக் காருக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. என் மருமகனுடைய கார் 2019ஆம் ஆண்டின் 1.5 மைவி. சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது இயந்திரம் தானாக அணைந்து, மீண்டும் உயிர்பெறும் வசதி அதில் உண்டு. ஒரே பயணத்தில் பல முறை ஸ்டார்ட் ஆவதால், அதற்கு இ.எஃப்.பி. என்று சொல்லப்படும் வலுவூட்டப்பட்ட பேட்டரி தேவை. சிக்கல் என்னவென்றால், அதன் வெளி அளவும் என் காரின் சாதாரணப் பேட்டரியின் அளவும் ஒன்றுதான். இரண்டும் பி 20. பட்டணத்தில் ஒரு கடையில், "சைஸ் ஒண்ணுதான் சார், விலை பாதி" என்று சாதாரணத்தையே கொடுக்க முன்வந்தார்கள். பேட்டரித் தட்டில் அழகாக உட்காரும், காரும் ஓடும். ஆனால் அந்த உழைப்பைத் தாங்காமல் விரைவில் செத்துவிடும். மருமகன் 330 வெள்ளி கொடுத்துச் சேவைக்காரரிடம் சரியான வகையை மாட்டிக்கொண்டது நியாயம்தான். பி.எம்.டபிள்யூ. போன்ற ஐரோப்பியக் கார்கள் பலவற்றில், புதிய பேட்டரி மாட்டியதைக் காரின் கணினியில் பதிவு செய்யவும் வேண்டும். நம் பக்கத்தில் அத்தகைய கார் வைத்திருப்பவர்கள் ஸ்பேனரைத் தேடுவதை விட்டுவிட்டு ஈப்போ நகரத்துப் பட்டறைக்கே போய்விடுவது நல்லது.

விலையைப் பொறுத்தவரை, என் நோட்டின்படி இரண்டு வழிக்கும் உள்ள வேறுபாடு 30 முதல் 40 வெள்ளி வரைதான். நள்ளிரவு அழைப்பென்றால் இன்னும் சற்றுக் கூடலாம். இணையத்தில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். உத்தரவாதக் காலத்துக்குள் அது படுத்துவிட்டால், அமிலம் நிறைந்த பத்துக் கிலோவை யார் தூக்கிக்கொண்டுபோய் யாரிடம் கொடுப்பது என்பதையும் அந்த மலிவில் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பழைய பேட்டரியின் பாடும் அப்படித்தான். ஈய அமிலப் பேட்டரிக் கழிவு, 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர விதிகளின்கீழ் எஸ்.டபிள்யூ. 102 என்று பட்டியலிடப்பட்ட கழிவு. குப்பை லாரியில் போட வேண்டிய பொருளன்று. எங்கள் பழைய லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பின்புறம், கிணற்றுக்கு இருபதடி தூரத்தில் இரண்டு பேட்டரிகள் வயிறு வெடித்துக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். நாமே மாட்டினாலும், பழையதைக் கடையில் கொடுத்து இருபது முப்பது வெள்ளியைக் கழித்துக்கொள்வதுதான் பணத்துக்கும் மண்ணுக்கும் நல்லது. ஐந்து வாரமே ஆனதைக் கொடுக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

கண்ணாடி போட்டும் சிறிய எழுத்தைப் படிக்க முடியாதவர்களும், இடுப்பு வலி உள்ளவர்களும், பேட்டரி இருக்கைக்கு அடியிலோ பின்பெட்டியிலோ ஒளிந்திருக்கும் கார் வைத்திருப்பவர்களும் தயங்காமல் ஆளைக் கூப்பிடலாம். வந்தவரிடம் முதலில் ஆல்டர்னேட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள், கடைசியில் அந்தப் பிடிப்புக் கம்பியை நீங்களே ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். என்னுடையதைப் போன்ற எளிய காரும், ஒரு மின்னளவியும், கொஞ்சம் பொறுமையும் உள்ளவர்கள் தாராளமாகத் தாங்களே மாட்டலாம்.

இப்போது என் காரில் இருக்கும் பேட்டரிக்கு இருபது மாதம் ஆகிறது. சென்ற வாரம் காலையில் அளந்தபோது 12.4 காட்டியது. தம்பியை அழைத்து, சோதனையை அவர் செய்யட்டும், மாற்ற வேண்டியிருந்தால் ஸ்பேனரை நான் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். சிரித்துவிட்டு, அப்படியென்றால் பத்து வெள்ளி குறைத்துக்கொள்கிறேன் அங்கிள் என்று சொல்லியிருக்கிறார். அதையும் நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்திருக்கிறேன்.